தொடர்கதையில் நிரபராதி, சினிமாவில் கொலைகாரன்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. நாலு பக்கக் கடிதத்தில் வரிக்கு வரி சந்தோஷம் தெரிகிறது, உன் உடம்புக்கு என்ன குறை இருக்கப்போகிறது? எங்கள் சௌக்கியத்தையும் எழுதப்போவதில்லை. கோபமாக இருக்கிறேன். கோபத்தோடு உட்கார்ந்தால் கிணற்றில் தண்ணீர் இறங்கியது, பக்கத்து வீட்டில் கல்யாணம் நிச்சயமானது எல்லாம் எழுத வராது. அதையெல்லாம் உன் அப்பாவை எழுதச் சொல்லிக்கொள். அவருக்கும் இப்போது எழுதும் மனநிலை இல்லை என்பது வேறு விஷயம்.

உன் கடிதத்தை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். மெட்ராஸ் போன மூன்றாவது மாதமே சினிமா கம்பெனியின் கதை இலாகாவில் உனக்கு ஒரு நாற்காலி கிடைத்ததைப் படித்தபோது சிரித்தார். ஒரு துப்பறியும் நாவலைப் படமாக்குகிறார்கள், அதற்குக் காட்சி பிரித்து எழுதுவதுதான் உனக்கு முதல் வேலை என்றதும், 'பரவால்லயே' என்றார். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். நாவலில் கொலை செய்தவர் டாக்டர். படத்தில் டாக்டர் வேஷம் கட்டப்போகிறவர் பெரிய நடிகர், அவரைக் கொலைகாரனாக்கினால் சினிமாக் கொட்டாயைக் கொளுத்திவிடுவார்கள் என்று எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, நீ எழுந்து, 'கம்பவுண்டரைக் கொலைகாரனாக்கிடலாமே' என்றாயாம். டைரக்டர் உன் முதுகில் தட்டினாராம். உன்னை உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தாராம். 'அம்மா, என் முதல் யோசனையே எடுபட்டுவிட்டது' என்று எழுதி அதற்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய். அந்த இடத்தில் உன் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மிச்சத்தை நான் எனக்கே படித்துக்கொண்டேன்.

அந்த நாவலில் கம்பவுண்டர் என்ன செய்கிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய். மருந்து கலக்குகிறார், கொலையான பெண்ணின் குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுக்கிறார், கடைசியில் டாக்டருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார். அந்த ஒரு நல்ல மனுஷனைத்தான் நீ பொறுக்கி எடுத்தாய். கேட்டால் காரணமும் தயாராக வைத்திருக்கிறாய். புத்தகம் வேறு, படம் வேறு. புத்தகத்தில் இருப்பதெல்லாம் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குப் புரியாது. சினிமா என்றால் முகத்தைப் பார்த்ததும் இவன்தான் என்று தெரியவேண்டும். இதையெல்லாம் எனக்கே நீ சொல்லிக்கொடுக்கிறாய். தொடர்கதைக்கும் சினிமாவுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று இந்த ஆம்பூரில் என்னைவிடத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாளா, சொல். நானும் அன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருந்த ரஹீம் பாய் குடும்பமும் அந்த வித்தியாசத்தை வாழ்ந்தே பார்த்தவர்கள். உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்லாமல் வைத்திருந்தேன். அது என் தப்பு.

நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அந்த வாரப் பத்திரிகையில் நம் ஊரை வைத்து ஒரு கொலைக் கதை வந்ததே, ஞாபகம் இருக்கும். ஊர்ப் பெயரை மாற்றியிருந்தார்கள், ஆனால் ஆற்றங்கரையும் தோல் பதனிடுகிற டேனரியும் ரயில் கேட்டும் அப்படியே இருந்தன. குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். எட்டாவது படித்திருந்ததால் எங்கள் தெருவில் வாய்விட்டுப் படிக்கிற வேலை எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமை டேனரி லீவு. தொழுகை முடிந்து சாப்பாடும் ஆனபிறகு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றடியில் ஹலீமா கோரைப்பாயை விரித்துவிடுவாள். நாலைந்து பெண்கள் வந்து உட்காருவார்கள். அவள் வீட்டுக்காரர் ரஹீம் பாய் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் படுத்தபடியே கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்து நான் குரலைக் குறைத்தால், 'தங்கச்சி, சவுண்டு கம்மியாய்டுச்சி' என்று அங்கிருந்து சத்தம் வரும். ஒவ்வொரு வாரமும் கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து எடுத்து வைத்து, முடிந்ததும் சணல் நூலால் தைத்து, மேலே காலண்டர் அட்டை ஒட்டினேன். நீதான் அதன்மேல் மசியால் தலைப்பு எழுதிக் கொடுத்தாய்.

அந்தக் கதையை எழுதியவர் எழுதுவதற்கு முன்னால் இங்கே வந்து ஐந்தாறு நாள் தங்கியிருந்தார். குழிப் பகுதிக்கு உன் அப்பா மேஸ்திரி என்பதால் அவரைச் சுற்றிக்காட்டும் வேலை அப்பாவுக்கு வந்தது. ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த பட்டைக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த ரஹீம் பாயிடம் கூட்டிக்கொண்டு போனார். குழிப்பக்கம் போகிற ஆட்கள் இடுப்புச் சாவியைக்கூட அவிழ்த்து வெளியே மரக்கொக்கியில் மாட்டிவிட்டுப் போவதைப் பார்த்து எழுத்தாளர் ஏன் என்று கேட்டார். ரஹீம் பாய் ஊறிய தோல் துண்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் ஒரு ஆணியை வைத்து, 'டீ குடிச்சிட்டு வாங்க சார்' என்றார். அவர்கள் டீ குடித்துவிட்டு வந்தபோது ஆணி இருந்த இடம் மசி கொட்டியதுபோல் கறுத்திருந்தது. பட்டைச் சாற்றுக்கும் இரும்புக்கும் ஆகாது. உன் அப்பாவே வேலை முடிந்து வந்த கையோடு அரிவாள்மனையைத் தொட்டால் விரலெல்லாம் கறுத்துப்போகும், நான் எத்தனை தரம் திட்டியிருக்கிறேன். எழுத்தாளர் அந்தத் தோல் துண்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு போனார்.

அந்தக் கறையைத்தான் அவர் கதையாக்கினார். டேனரியின் கணக்குப்பிள்ளை குத்திக் கொல்லப்படுகிறார். கத்தி கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பட்டைக் குழியிலிருந்து எடுக்கிற தோலெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்து வருகிறது. குழியைக் கலக்கிப் பார்த்தால் அடியில் கத்தி. குழியாளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. அப்போதுதான் ரிட்டயரான ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர், மூச்சிழுப்பு நோய்க்காரர், மெதுவாக நடந்து வந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். பட்டைக் குழியில் இரும்பைப் போட்டால் ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரியாத ஆள் இந்த டேனரியில் யார்? பத்தடி தள்ளிச் சுண்ணாம்புக் குழி இருக்கிறது, சுண்ணாம்பில் இரும்பு கறை விடாது, அதில் போட்டிருந்தால் ஆறு மாதம் ஆனாலும் வெளியே வந்திருக்காது, குழியாளாக இருந்தால் அங்கேதானே போட்டிருப்பான்? அந்த வாரம் நான் படித்து முடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரஹீம் பாய், 'கரெக்ட்டா எழுதிட்டாரு தங்கச்சி' என்றார். கொன்றவன் மெட்ராஸிலிருந்து வந்து போகிற பங்குதாரர், ஆபீஸ் அறையைத் தாண்டி அதுவரை குழிப்பக்கம் காலே வைக்காதவர். தன் தொழில் அறிவு ஒரு நிரபராதியைக் காப்பாற்றிவிட்டது என்று அச்சில் பார்த்தபோது ரஹீம் பாய்க்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஒரு மாதம் தெருவில் நிமிர்ந்து நடந்தார்.

இரண்டு வருஷத்தில் அது படமாக வந்தது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு கொட்டாய்க்குப் போனது. வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு நாம் மூன்று பேரும் ரஹீம் பாய் குடும்பமும் சேர்ந்தே போனோம். ஆரம்பத்திலேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. டேனரி என்று ஒன்றைக் காட்டினார்கள். குழிகள் கோயில் குளம் மாதிரி துடைத்து வைத்திருந்தன. சுண்ணாம்புக் குழி ஓரத்தில் ஜார்ஜெட் புடவை கட்டிக்கொண்டு கதாநாயகி பாட்டுப் பாடுகிறாள். நிஜக் குழி ஓரத்தில் அரை நிமிஷம் நின்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெட்ராஸுக்கே ஓடியிருப்பாள். ஆட்கள் இரும்பு வாளியில் பட்டைத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறார்கள். அதைப் பார்த்து உன் அப்பா, 'யாருடா இவனுங்க' என்று வாய்விட்டே சொன்னார். இழுப்புக்காரக் கிழவர் போய், தொப்பி வைத்த வாலிபர் மோட்டாரில் வந்து இறங்கினார். அவருக்கு மூச்சும் வாங்கவில்லை, யோசிக்கவும் தெரியவில்லை. அடிக்க மட்டும் தெரிந்தது.

நியாயமாகவும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவுக்குச் சினிமாவே பிடிக்காது என்று தப்பித்துக்கொள்வாய். தொடர்கதையில் நடுவில் ஏழெட்டு வாரம் வளவளவென்று இழுத்திருந்தார், ஒரு ஊமை வேலைக்காரியைக் கொண்டுவந்து பிறகு அவளை மறந்தே போய்விட்டார். படத்தில் அதையெல்லாம் வெட்டியது நல்லதுதான். கணக்குப்பிள்ளையின் மனைவி சேதி கேட்டு வாசல்படியில் அப்படியே உட்காருகிறாளே, ஒரு வார்த்தை பேசாமல், அதைப் புத்தகத்தில் மூன்று பக்கம் எழுதியும் எனக்கு அழுகை வரவில்லை, படத்தில் வந்தது. சினிமாவால் முடியாது என்று நான் சொல்லவில்லை. முடிந்த ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

பங்குதாரரைக் கதாநாயகிக்கு அப்பாவாக்கிவிட்டார்கள். அப்பா ஆனபிறகு அவர் கொலை செய்ய முடியாது, கடைசியில் கல்யாணத்துக்கு ஆசீர்வாதம் செய்ய ஆள் வேண்டுமே. ஆகவே குழியாளே கொன்றான் என்று முடித்தார்கள். கன்னத்தில் ஒரு தழும்பு, சிவந்த கண், சிரித்தால் குழி அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. 'தினமும் இந்தக் குழியில் இறங்குகிறவன் எவனோ அவன்தான் கொலைகாரன்' என்று தொப்பிக்காரர் விரலை நீட்டுகிறார். கறுத்த தோலைப் படத்தில் காட்டவே இல்லை. அன்றைக்கே உன்னிடம் ஏன் என்று கேட்டேன். 'கறுப்பு வெள்ளைப் படத்துல கறை எப்படிம்மா தெரியும்' என்றாய். ரத்தம் தெரிந்ததே, அது மட்டும் எந்த நிறத்தில் இருந்தது? காட்டவேண்டும் என்று நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் காட்டியிருக்கலாம். தரை டிக்கெட்காரனுக்குப் புரியாது என்று இப்போது எழுதுகிறாயே, அன்றைக்குத் தரையில் உட்கார்ந்திருந்தவன் யார்? பாதிப் பேர் கையில் பட்டைக்கறையோடு வந்தவர்கள். உலகத்திலேயே அந்தக் கதையை விளக்கமே இல்லாமல் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களை வைத்துக்கொண்டே அவர்களைக் கொலைகாரர்களாக்கிக் காட்டினார்கள்.

இதில் வெட்கப்படவேண்டியது ஒன்று உண்டு. கடைசியில் குழியாளைத் துரத்தித் துரத்தி அடித்தபோது கொட்டாயே கைதட்டியது. மேளம் அப்படி வேகமாக அடித்தார்கள், அவன் முகத்தை அப்படிக் கோரமாகக் காட்டினார்கள். உன் அப்பா கைதட்டினார். நீ விசிலடித்தாய். முப்பத்திரண்டு வாரம் வாய்விட்டுப் படித்து, அவன் நிரபராதி என்று எழுத்துக்கு எழுத்துத் தெரிந்த நானும் கைதட்டினேன். திரும்பும்போது ஹலீமா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ரஹீம் பாய்தான் எங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார். 'சினிமான்னா அப்டிதான் தங்கச்சி. அத்தப் போய் பெரிசா எடுத்துக்கினு' என்று சிரித்தார்.

அந்தக் கொலைகாரச் சிரிப்பு உனக்கு நன்றாக வரும். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள், ஆனால் உன்னைப்போல் யாருக்கும் வரவில்லை. ரஹீம் பாய் வேலைக்குப் போகும்போது பின்னாலிருந்து சிரிப்பாய், அவரும் திரும்பி, 'வந்துட்டாண்டா குழிக்காரன்' என்று விளையாட்டாகத் துரத்துவார். குடியாத்தத்திலிருந்து மாமா வந்தபோது, அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டு என்று உன்னை நடுக்கூடத்தில் நிற்கவைத்தவள் நான்தான். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒரு மாதத்தில் ஊரில் குழி வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் அந்தப் பெயர் வந்துவிட்டது. கடையில் நின்றால், 'கத்திய எங்க ஒளிச்சு வச்சிருக்கே' என்பார்கள். எல்லாம் தமாஷ்தான். தமாஷாகவே எல்லோர் மனசிலும் இறங்கிவிட்டது.

அந்த வருஷக் கோடைக் கடைசியில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கோடவுனிலிருந்து இரண்டு கட்டுப் பதப்படுத்திய தோல் காணாமல் போனது. பூட்டை உடைக்கவில்லை, சாவி போட்டுத் திறந்திருந்தார்கள். ஆபீஸில் தொங்கிய சாவிக்கொத்தும் காணோம். நாலாம் நாள் ரஹீம் பாய் குழியில் இறங்கித் தோலைத் தூக்கியவர், தூக்கிய கையோடு உன் அப்பாவைக் கூப்பிட்டார். தோலெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுப்பு. 'மேஸ்திரி, உள்ள இரும்பு கெடக்குது' என்றார். அவரே மூங்கிலை விட்டுத் துழாவி எடுத்தார். சாவிக்கொத்து. எடுத்து நேராக மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான். கதையில் படித்தது அப்படியே அந்த டேனரியில் நடந்தது. கதையில் வந்த கிழவர் மட்டும் வரவில்லை.

மெட்ராஸிலிருந்து புதிதாக வந்திருந்த மேனேஜர் உன் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'அவன் குழி, அவன் ஆளு. வேற யாரு அங்க போட்டிருக்க முடியும்?' என்று மேனேஜர் கேட்டார். 'குழி ஆளு எவனும் பட்டைத் தண்ணில இரும்ப போடமாட்டான் சார். தோலு கறுத்துக் காட்டிக் குடுத்துடும்' என்று அப்பா சொன்னார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, 'அப்படி நாம நெனைக்கணும்னுதான் அங்க போட்டிருக்கான். ஏன் மேஸ்திரி, நீங்க படம் பாக்கலியா?' என்றார். படத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டார் அந்தப் படித்த மனுஷர். சுண்ணாம்புக் குழி பத்தடியில் இருந்ததே, ஒளிக்கிறவன் அங்கே போடாமல் தன் குழியிலேயே போட்டு, பிறகு தானே எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பானா என்று கேட்க அப்பாவுக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் தோன்றியது. மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போலீஸ் வந்து ரஹீம் பாயைக் கூட்டிக்கொண்டு போனது. கூட்டிக்கொண்டு போன கான்ஸ்டபிளும், 'வாய்யா குழிக்காரா' என்றுதான் கூப்பிட்டாராம்.

அன்று மாலை விளக்கேற்றுகிற நேரத்தில் ஹலீமா நம் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. 'அக்கா, நீங்க தைச்சு வச்சிருக்கற அந்தக் கதைய எடுத்துக்கினு என்கூட ஆபீசுக்கு வாங்க. அந்தச் சுண்ணாம்புக் குழி வர்ற எடத்தப் படிச்சுக் காட்டுங்க. நாங்க வாயால சொன்னா நம்பமாட்டாங்க. புஸ்தகத்துல இருந்தா நம்புவாங்க' என்றாள். அவள் கேட்டது எவ்வளவு புத்திசாலித்தனமான காரியம் என்று இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு படம் செய்த கெடுதலை அதன் மூலக் கதையை வைத்தே மாற்றப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்து, 'அத குடியாத்தத்துக்கு எங்கண்ணன் எடுத்துட்டுப் போய்ட்டாரு ஹலீமா' என்றேன். அது என் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. ஹலீமா, 'சரிக்கா, வர்றேன்' என்று போய்விட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்கவேண்டும். வேலூரில் உன் காலேஜ் சீட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் மேனேஜர் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வாரம்தான் தரவேண்டியது. நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய், உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று அந்த மனுஷன் முன்னால் நின்று படித்துக் காட்டினால் கடிதம் வருமா? வராது என்று பயந்தேன். உன் அப்பா வாயைத் திறக்காததற்கும் அதுவேதான் காரணம். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. பேசாமலே ஒரே முடிவுக்கு வந்தோம். கடிதம் வந்தது, நீ காலேஜுக்குப் போனாய். ரஹீம் பாயை மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, கேஸ் எதுவும் போடாமல் அனுப்பினார்கள். ஆனால் டேனரி கேட்டுக்குள் விடவில்லை. ஊரில் வேறு எந்த டேனரியிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே சாமான்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு பேரணாம்பட்டுக்குப் போய்விட்டார்கள். தோலை யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. நான் துப்பறிகிறவள் இல்லை. யார் எடுக்கவில்லை என்று மட்டும் எனக்குத் தெரியும், அதைச் சொல்லவேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை.

படம் எடுத்தவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா என்றால் தெரியாது. அவர்கள் யாரையும் கெடுக்க நினைத்திருக்கமாட்டார்கள். ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து, பங்குதாரர் கொலைகாரனாக இருந்தால் சரிப்படாதே என்று தலையைச் சொறிந்திருப்பார்கள். உன்னைப்போல் ஒரு கெட்டிக்காரப் பையன் எழுந்து, 'குழியாளைக் கொலைகாரனாக்கிடலாமே' என்றிருப்பான். முதுகில் தட்டியிருப்பார்கள், காப்பி வந்திருக்கும். அவனும் அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருப்பான். அந்தப் பையன் யாரென்று தெரியாமலே இத்தனை வருஷம் அவன்மேல் எரிந்துகொண்டிருந்தேன். இப்போது அவன் எப்படி இருப்பான், என்ன சட்டை போட்டிருப்பான் என்றுகூடத் தெரிகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கம்பவுண்டர்கள் எத்தனை ஊரில் இருக்கிறார்கள் என்று யோசித்தாயா? ஆஸ்பத்திரியில் ஒருவன் செத்தால், மருந்து கலந்தவன் அவன்தானே என்று ஜனங்கள் திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? டாக்டரை ஏன் பார்க்கமாட்டார்கள் தெரியுமா? டாக்டராக நடித்தவரை அவர்களுக்குப் பிடிக்கும். சினிமாக்காரர்களான நீங்கள் எப்போதும் மாற்றுவது கீழ்நோக்கித்தான். எழுத்தாளன் துணிந்து மேலே இருக்கிறவனைக் காட்டியிருப்பான், நீங்கள் அந்த விரலைப் பிடித்துக் கீழே திருப்பிவிடுவீர்கள். பாட்டுச் சேர்த்துக்கொள், சண்டை சேர்த்துக்கொள், வளவளப்பை வெட்டு, கிழவரை வாலிபராக்கு, ஊட்டிக்குக் கூட்டிப்போ, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. செய்யாதவன்மேல் குற்றத்தைப் போடாதே. அது கதையை மாற்றுகிற காரியமே இல்லை, அதற்கு வேறு பெயர்.

உன் கடிதம் வந்த மறுநாள் பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரணாம்பட்டுக்குப் போகிறேன் என்றேன். உன் அப்பா பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார், பஸ்ஸில் ஏறவில்லை. ரஹீம் பாய் இப்போது ஒரு விறகுக் கடையில் விறகு பிளக்கிறார். கடைக்குப் பின்னாலேயே ஓர் அறை, அதுதான் வீடு. கையில் பட்டைக்கறை முழுக்கப் போய்விட்டது, முதலில் அதைத்தான் பார்த்தேன். ஹலீமா கோரைப்பாயை விரித்தாள். நான் உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். 'ஹலீமா, அன்னிக்கு நீ கேட்டப்ப இந்தப் புஸ்தகம் எங்கிட்டதான் இருந்துது. பொய் சொல்லிட்டேன்.' ஹலீமா தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினாள். 'தெரியும்க்கா. அதுக்கு மொத வாரம்தான பொட்டில பொடவ எடுத்துக் காட்டனீங்க. அடியில இருந்துச்சி, பாத்தேன்' என்றாள். தெரிந்தேதான் அன்றைக்கு, 'சரிக்கா' என்று எழுந்து போயிருக்கிறாள். என் பொய்யைப் பொய் என்று சொல்லி என்னை அவமானப்படுத்த அவளுக்கு மனசு வரவில்லை. அவள் இரண்டு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த அத்தியாயத்தைப் படிக்கட்டுமா என்று கேட்டேன். ரஹீம் பாய் கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். படித்தேன். கிழவர் கேட்கிற அந்த ஒற்றைக் கேள்வி, சுண்ணாம்புக் குழி, குழியாளை விடுதலை செய்வது வரைக்கும் நிறுத்தாமல் படித்தேன். முடித்ததும் ரஹீம் பாய், 'அந்த ஆணி வெச்சுக் காட்டினது நாந்தான்' என்று, எனக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, 'படத்தப் பாத்தவங்க லட்சம் பேரு. இத்தப் படிச்சவங்க எத்தினி பேரு தங்கச்சி?' என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தேன். நீ சினிமாவில் இருக்கிறாயே, உனக்குத் தெரிந்தால் அவருக்கு ஒரு கார்டு போடு.

கிளம்பும்போது உன்னைக் கேட்டார்கள். ரஹீம் பாய் உன் சிரிப்பைப் பற்றிச் சொல்லி அவரே சிரித்துவிட்டு, 'தம்பி இன்னா பண்றான் இப்போ?' என்றார். மகன் மெட்ராஸில் சினிமாவுக்குக் கதை எழுதப் போயிருக்கிறான் என்று மூன்று மாதமாகப் பால்காரரிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான். அந்த இரண்டு பேர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 'மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதறான்' என்றேன். ஹலீமாவுக்குச் சந்தோஷம். 'நல்லா இருக்கட்டும்க்கா' என்று மனசாரச் சொன்னாள். ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளப் போன வீட்டில் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். முதல் பொய் உன்னைப் படிக்கவைப்பதற்காக. இரண்டாவது, படித்து நீ என்ன ஆகியிருக்கிறாய் என்பதை மறைப்பதற்காக.

இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே டைரக்டரிடம் போய், கம்பவுண்டர் கொலை செய்யவில்லை என்று சொல். உன் யோசனைதானே, நீயே திரும்ப வாங்கிக்கொள். காப்பி கொடுத்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். நாற்காலி போகும் என்றால் போகட்டும், நம் வீட்டில் உட்காரப் பலகை இருக்கிறது. அப்படிச் சொல்ல உனக்குத் தைரியம் வராவிட்டால் அந்த வேலையை விட்டுவிட்டு எங்கேயாவது ஓர் ஆபீஸில் கணக்கு எழுதப் போ. அந்த வீட்டில் நான் சொன்ன இரண்டாவது பொய்யாவது உண்மையாகட்டும்.

உன் அம்மா